அட்ஜஸ்டபிள் ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றியமைத்த இன்ஜினில் ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) பெட்ரோல் தெளிக்கிற, ரிட்டர்ன் லைன் உள்ள இன்ஜினை மனத்தில் வைத்தே பதில்கள் உள்ளன. மற்ற வகைகளை 3ஆம் கேள்வியில் பிரித்திருக்கிறோம். அழுத்தக் கணக்கு பாரில். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

1. இந்த ரெகுலேட்டர் உண்மையில என்னதான் பண்ணுது?

பம்ப் நிற்காமல் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் குடிக்கும் அளவோ நொடிக்கு நொடி மாறும். மிஞ்சுவதை டாங்க்குக்குத் திருப்பி அனுப்பி ரெயில் (பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பகிரும் குழாய்) அழுத்தத்தை ஒரு நிலையில் நிறுத்துவதுதான் ரெகுலேட்டரின் வேலை. உள்ளே ஒரு டயாஃப்ரம் இருக்கும். அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறு பக்கம் ஸ்பிரிங். பெட்ரோலின் தள்ளு விசை ஸ்பிரிங்கை மிஞ்சும்போது வால்வு திறந்து ரிட்டர்ன் லைனுக்கு வழி விடும். மேலே உள்ள ஸ்க்ரூவை வலப்புறம் திருகினால் ஸ்பிரிங் இறுகி அழுத்தம் ஏறும். இடப்புறம் திருகினால் இறங்கும்.

ஸ்பிரிங் இருக்கும் அறை ஒரு சின்ன ஹோஸ் வழியாக மேனிஃபோல்டுடன் இணைகிறது. முக்கியமான சங்கதி இங்கேதான் இருக்கிறது. இன்ஜெக்டரின் ஒரு முனையில் ரெயில் அழுத்தம், மறு முனையில் மேனிஃபோல்டு அழுத்தம். எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பதை இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தீர்மானிக்கிறது. டர்போ மேனிஃபோல்டில் 1 பார் ஏற்றினால் ரெகுலேட்டரும் ரெயிலில் 1 பார் ஏற்றும். வித்தியாசம் மாறாது. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு இதிலேயே விடை இருக்கிறது.

2. இதை மாட்டினா பவர் கூடுமா?

கூடாது. இன்ஜினுக்குத் தேவையான பெட்ரோல் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தால், அழுத்தத்தை ஏற்றுவதால் கலவை ரிச்சாகும் (பெட்ரோல் மிகும்), பிளக் கறுக்கும், மைலேஜ் குறையும். பெரிய பம்ப் போட்டு ஒரிஜினல் ரெகுலேட்டரால் மிச்சத்தை வெளியேற்ற முடியாதபோது, டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் சேர்க்கும்போது, பெரிய இன்ஜெக்டருக்கு ஏற்ற அழுத்தத்தைத் துல்லியமாக வைக்க வேண்டியபோது இது தேவைப்படும். இன்ஜினில் எதையும் மாற்றாத வண்டிக்கு ஒரிஜினல் ரெகுலேட்டரே போதும்.

3. எந்த பெட்ரோல் வண்டிக்கு வேணும்னாலும் போடலாமா?

முடியாது. கார்புரேட்டர் வண்டிக்கு வேண்டியது 0.3 முதல் 0.5 பார்தான். இன்ஜெக்ஷன் ரெகுலேட்டரை அந்த அளவுக்கு இறக்க முடியாது. கார்புரேட்டர் ரெகுலேட்டரால் 3 பாரைத் தாங்க முடியாது. வாங்கும்போது அழுத்த வரம்பைப் பார்த்து வாங்குங்கள்.

ரிட்டர்ன் லைன் இல்லாத வண்டிகளில் ரெகுலேட்டர் டாங்க்குக்குள் பம்போடு இருக்கும், அல்லது கண்ட்ரோல் யூனிட் (இன்ஜினை இயக்கும் கணினி) பம்பின் வேகத்தையே மாற்றி அழுத்தத்தைக் காக்கும். அவற்றில் இதைப் போட வேண்டுமானால் இன்ஜினிலிருந்து டாங்க் வரை புதிய ரிட்டர்ன் லைன் இழுக்க வேண்டும், டாங்க்குக்குள் இருக்கும் ரெகுலேட்டரை நீக்கி அந்த வழியை அடைக்க வேண்டும், பம்பும் முழு வேகத்தில் ஓடும்படி வயரிங் மாற வேண்டும். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில் இன்ஜெக்டருக்கு முன்னால் இருப்பது பல பத்து பார் முதல் சில நூறு பார் வரையிலான அழுத்தம். அந்தப் பக்கம் இந்த ரெகுலேட்டர் போகவே கூடாது. காமன் ரெயில் டீசலுக்கும் இதே விதிதான்.

4. ரெகுலேட்டர் தவிர வேற என்னென்ன வாங்கி வெச்சுக்கணும்?

ரெயிலில் ஒரிஜினல் ரெகுலேட்டர் உட்கார்ந்த இடத்தில் பொருத்த ஒரு அடாப்டர், அதற்கு விட்டான் ஓ-ரிங், ரெகுலேட்டரின் வாய்களுக்கு ஏற்ற ஃபிட்டிங்குகள், ஹோஸ், 0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜ், 4 மி.மீ. வேக்குவம் ஹோஸ், பயன்படாத வாயை அடைக்க பிளக், உறுதியான பிராக்கெட். மணிக்கு 255 லிட்டர் ரகப் பம்புக்கு ஏஎன் 6 அளவு (ஹோஸ், ஃபிட்டிங்கின் பருமனைக் குறிக்கும் எண்) பெரும்பாலும் போதும். அதைவிடப் பெரிய பம்ப், அல்லது இரட்டைப் பம்ப் என்றால் ரிட்டர்னை ஏஎன் 8 ஆக்குங்கள்.

ஹோஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண ரப்பர் ஹோஸ் போட்டால், மேலே எஸ்ஏஇ 30 ஆர் 9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். 30 ஆர் 7 கார்புரேட்டர் அழுத்தத்துக்கானது. இன்ஜெக்ஷனில் போட்டால் ஒருநாள் சூடான இன்ஜின் மேல் வெடிக்கும். எத்தனால் கலந்த எரிபொருள் என்றால் பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) உள்பூச்சு உள்ள ஹோஸ் நல்லது. அதற்கான ஃபிட்டிங் தனி. ரப்பர் ஹோஸின் ஃபிட்டிங் அதில் பிடிக்காது.

5. ஃபிட்டிங்ல டெஃப்லான் டேப் சுத்தலாமா?

எங்குமே வேண்டாம். ஃபிட்டிங் மூன்று வகை, ஒவ்வொன்றும் கசிவைத் தடுக்கும் விதம் வேறு. ஏஎன் ஃபிட்டிங்கில் 37 டிகிரி சாய்வுள்ள உலோக முகம் இன்னொரு உலோக முகத்தில் உட்கார்ந்து அடைக்கிறது. திரெட்டுக்கு அதில் பங்கே இல்லை. ரெகுலேட்டர் உடலில் மாட்டும் ஓ-ரிங் வகையில் ரிங்தான் அடைக்கிறது. அதற்கு ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவி மாட்டினால் ரிங் கிழியாது. கேஜுக்கான என்பிடி வாயில் மட்டும் திரெட் கூம்பாக இருக்கும். அதற்குப் பெட்ரோலைத் தாங்கும் திரவ சீலன்ட் போதும், முதல் இரண்டு திரெட்டை விட்டுத் தடவுங்கள். கையால் இறுக்கியபின் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. அதற்கு மேல் போனால் அலுமினிய உடலில் விரிசல் விழும்.

டேப்பின் நூலளவு பிசிறு ஒன்று ரெகுலேட்டரின் வால்வில் சிக்கினால் போதும், அழுத்தம் நிலையாக நிற்காது. இன்ஜெக்டரில் சிக்கினால் அந்த சிலிண்டர் லீனாக (பெட்ரோல் குறைந்து) ஓடும்.

6. பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுட்டு இதை அதுக்குப் பின்னால மாட்டினா என்ன?

ரிட்டர்னில் இரண்டு ரெகுலேட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால், எது அதிகமாக செட் ஆகியிருக்கிறதோ அது ஜெயிக்கும். பழையது 3 பார் என்றால் புதியதால் அதற்கு மேலே ஏற்ற முடியும், கீழே இறக்க முடியாது. பழையதின் குறுகலான வாய் ரிட்டர்னையும் நெரிக்கும். பழையதைக் கழற்றிவிட்டு அடாப்டர் போடுவதே முறை. கழற்றும்போது அதன் ஓ-ரிங் ரெயிலுக்குள்ளேயே தங்கிவிடாமல் பாருங்கள். அதன் மேல் இன்னொரு ரிங் வைத்தால் நிச்சயம் கசியும்.

7. எந்த இடத்துல மாட்டணும்?

பெட்ரோல் பம்பிலிருந்து ஃபில்டருக்கு, ஃபில்டரிலிருந்து ரெயிலுக்கு, ரெயிலின் மறு முனையிலிருந்து ரெகுலேட்டருக்கு, அங்கிருந்து டாங்க்குக்கு. இந்த வரிசையில் போனால் ரெயிலுக்குள் புதுப் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும். சூட்டில் ஆவிக்குமிழ் தங்காது. ரெகுலேட்டரை ஃபயர்வாலிலோ இன்ஜின் அறையின் பக்கச் சுவரிலோ, ரெயிலுக்கு அருகில் பிராக்கெட்டில் நிறுத்துங்கள். டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். பாடியில் மாட்டினால், இன்ஜின் குலுங்கும்போது ஹோஸ் இழுபடாத அளவுக்குத் தொய்வு விடுங்கள்.

8. லைனைக் கழட்டும்போது பெட்ரோல் பீச்சி அடிக்காம இருக்க என்ன செய்யணும்?

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளி, அல்லது காற்றோட்டமான இடம். பம்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள், தானாக நிற்கும். பிறகு சில நொடி செல்ஃப் அடித்தால் மிச்ச அழுத்தமும் போகும். டாங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் லைனில் பெட்ரோல் இருக்கும். இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் தீக்கு உகந்த பவுடர் தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். சூடான பல்பு விளக்கை உள்ளே தொங்கவிட்டு வேலை செய்யாதீர்கள். அதன்மேல் பெட்ரோல் தெறித்து பல்பு உடைந்தால் தீப்பிடிக்கும்.

9. மாட்டி முடிச்சாச்சு. உடனே ஸ்டார்ட் பண்ணலாமா?

பொறுங்கள். முதலில் ரெகுலேட்டரின் வாய்களைச் சரிபாருங்கள். பல மாடல்களில் பக்கவாட்டில் உள்ள இரண்டும் ரெயிலிலிருந்து வருவதற்கு, அடியில் உள்ளது ரிட்டர்னுக்கு. மாற்றி மாட்டினால் அழுத்தம் கட்டுக்குள் வராது. அடுத்து, லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை இடப்புறம் திருகி ஸ்பிரிங்கை லேசாக்கி வையுங்கள். அழுத்தம் தாழ்வில் தொடங்கி ஏறுவது பாதுகாப்பு.

இப்போது சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும். இப்படி நான்கைந்து முறை செய்து ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தடவிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் கசிவு. கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் ஸ்டார்ட். செட் செய்து முடித்தபின் முழு அழுத்தத்தில் ஒருமுறையும், ஒரு ஓட்டம் போய்விட்டு வந்து இன்ஜின் ஆறியபின் ஒருமுறையும் மறுபடி பாருங்கள்.

10. எத்தனை பிஎஸ்ஐ வைக்கணும்?

உங்கள் டியூன் (கண்ட்ரோல் யூனிட்டில் பதிந்த பெட்ரோல் கணக்கு) எந்த அழுத்தத்தை வைத்துச் செய்யப்பட்டதோ, அதுதான். பல இன்ஜெக்டர்களின் அளவு 3 பாரில், அதாவது 43.5 பிஎஸ்ஐயில் குறிக்கப்படுகிறது. வேறு அழுத்தத்தில் குறிக்கப்பட்டவையும் உண்டு. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு, கண்ட்ரோல் யூனிட்டில் கொடுத்திருக்கும் எண்ணும் அதுவேதானா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் எல்லா வேகத்திலும் கலவை தவறாகவே இருக்கும்.

11. செட் பண்ணும்போது வேக்குவம் ஹோஸைக் கழட்டணும்னு சொல்றாங்க, ஏன்?

ஐடிலிங்கில் மேனிஃபோல்டு சுமார் 0.6 பார் வேக்குவத்தில் இருக்கும். ஹோஸ் மாட்டியிருந்தால் ரெகுலேட்டர் அந்த 0.6ஐக் கழித்துக்கொள்ளும். நீங்கள் கேஜைப் பார்த்து 3 பார் வைத்தால், உண்மையான அடிப்படை அழுத்தம் (ஹோஸ் மாட்டாதபோது உள்ளது) 3.6 பார் ஆகிவிடும். பெட்ரோல் சுமார் 9 சதவீதம் கூடுதலாகப் போகும். ‘செட் செய்தபின் வண்டி ரிச்சாக ஓடுகிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

செய்முறை இது: இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். ரெகுலேட்டரிலிருந்து ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டிலிருந்து வரும் முனையை அடையுங்கள். அடைக்காவிட்டால் காற்று புகுந்து ஐடிலிங் கெடும். ரெகுலேட்டரின் முனையைத் திறந்தே விடுங்கள். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகாமல், ஒவ்வொரு முறையும் கேஜ் நிலைக்கும் வரை காத்திருங்கள். 3 பார் வந்ததும் ஸ்க்ரூவை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ சற்று நகரும், எனவே கேஜை மறுபடி பாருங்கள். பிறகு ஹோஸை மாட்டுங்கள். இன்ஜினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓட்டி செட் செய்கிறவர்கள் ஹோஸைக் கழற்ற வேண்டியதில்லை, அப்போது மேனிஃபோல்டில் வேக்குவமே இல்லை.

12. ஹோஸை மாட்டினதும் கேஜ் 2.4க்கு இறங்கிடுச்சு. ரெகுலேட்டர் போச்சா?

போகவில்லை, சரியாக வேலை செய்கிறது. 11ஆம் பதிலில் சொன்ன அந்த 0.6 பார்தான் இது. உண்மையில், ஹோஸை மாட்டியும் கேஜ் இறங்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்: ஹோஸ் ஓட்டையாக இருக்கும், அல்லது த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள முனையில் மாட்டியிருப்பீர்கள். கூர்மையான கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் ரகம்) போட்ட இன்ஜினில் ஐடிலிங் வேக்குவம் குறைவு. அங்கே இறக்கமும் குறைவாகவே தெரியும்.

13. வேக்குவம் ஹோஸை பூஸ்ட் (டர்போ ஏத்துற அழுத்தம்) கேஜ் லைன்ல ‘டி’ போட்டு எடுத்துக்கலாமா?

வேண்டாம். மேனிஃபோல்டில் இதற்கென்று தனி முனை கொடுங்கள். டர்போவின் ப்ளோ-ஆஃப் வால்வோ வேஸ்ட்கேட்டோ பகிரும் லைனில் அழுத்தம் தடுமாறும். ரெகுலேட்டரும் கூடவே தடுமாறும். ஹோஸ் குட்டையாக, கெட்டியாக, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இருக்கட்டும்.

கிளாம்பை அற்பம் என்று நினைக்காதீர்கள். 1 பார் பூஸ்டில் ஹோஸ் கழன்றால் ரெயில் 3 பாரிலேயே நிற்கும். வித்தியாசம் 2 பாராகச் சுருங்கும். பெட்ரோல் 18 சதவீதம் குறையும், அதுவும் இன்ஜினுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில். பிஸ்டன் உருகுவதற்கு அது போதும்.

14. ஸ்க்ரூவை முழுசா வெளியே எடுத்தும் அழுத்தம் 4 பாருக்குக் கீழ இறங்கல. ஏன்?

ரிட்டர்ன் அடைபடுகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிப்பது மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான். 255 லிட்டர் பம்ப் தள்ளுவதில் கிட்டத்தட்ட எல்லாமே ரிட்டர்னில் போக வேண்டும். ஒரிஜினல் ரிட்டர்ன் குழாயும் அதன் வளைவுகளும் அவ்வளவுக்கு உருவானவை அல்ல. வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் குழாயே எதிர் அழுத்தம் கொடுக்கும்போது ரெகுலேட்டருக்கு வேறு வழி இல்லை. இந்தச் சிக்கல் ஐடிலிங்கிலும் மெதுவாக ஓட்டும்போதும் தெரியும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மறைந்துவிடும். இதுவே அடையாளம்.

முதலில் ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, டாங்க்குக்குள் ரிட்டர்ன் முடியும் இடத்தில் சின்னத் துளை அல்லது ஜெட் இருக்கிறதா என்று பாருங்கள்; பம்பின் கூடையை நிரப்ப ரிட்டர்னைப் பயன்படுத்தும் டாங்க்குகளில் இது உண்டு, நெரிப்பதும் பெரும்பாலும் இதுவே. இரண்டும் சரி என்றால் ரிட்டர்ன் குழாயைப் பெரிதாக்குங்கள். டாங்க்குக்குள் ரிட்டர்ன் பெட்ரோல் பம்பின் உறிஞ்சு முனை மேலேயே விழாமல் பாருங்கள். நுரையை உறிஞ்சினால் ரெயில் அழுத்தம் ஆடும்.

15. ஐடிலிங்ல எல்லாம் சரி, ஆனா முழு பூஸ்ட்ல அழுத்தம் விழுது.

இது 14க்கு நேர் எதிர். ரெகுலேட்டர் மிச்சத்தை மட்டுமே கையாளும். மிச்சமே இல்லாதபோது அது வால்வை மூடிவிட்டுச் சும்மா இருக்கும். கேஜ் அப்போதும் விழுந்தால் குறை பம்ப் பக்கம். ஸ்க்ரூவை ஏற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அழுத்தம் ஏறும்போது பம்ப் தரும் அளவு இன்னும் குறையும்.

பம்பின் கனெக்டரில், பம்ப் சுமையோடு ஓடும்போது, வோல்டேஜ் பாருங்கள். பாட்டரியில் 14 இருந்து பம்பில் 12 வந்தால் வயரிங்தான் திருடன். தனி ரிலேயும் தடித்த வயரும், நல்ல எர்த்தும் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பிறகு ஃபில்டர், பிறகு டாங்க்குக்குள் உள்ள சல்லடை. கடைசியாகத்தான் பம்ப். இதைச் சோதிக்கும்போது கேஜில் தேட வேண்டிய எண் 3 அல்ல, அடிப்படையோடு பூஸ்டைக் கூட்டிய எண்: 1 பார் பூஸ்டுக்கு 4 பார். அங்கே 3.5 கண்டால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள்.

16. இன்ஜினை நிறுத்தினதும் கேஜ் பூஜ்யத்துக்கு வந்துடுது. கசியுதா?

வெளியே ஈரம் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பல அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர்கள் நிறுத்தியபின் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதில்லை. அதனால் அடுத்த முறை செல்ஃப் சற்று நீளும். சாவியை ஆன் செய்து இரண்டு நொடி விட்டு ஸ்டார்ட் செய்தால் சரியாகும். மெதுவாக இறங்கிய அழுத்தம் திடீரென்று வேகமாக இறங்கத் தொடங்கினால் மட்டும் தேடுங்கள்: ரெகுலேட்டர் வால்வில் தூசி, பம்பின் செக் வால்வு, அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். ரப்பர் ரிட்டர்ன் ஹோஸை நிறுத்திய உடனே மெல்ல கிள்ளிப் பிடித்தால் அழுத்தம் நிற்கிறது என்றால் ரெகுலேட்டர்தான்.

17. ரெகுலேட்டர்லயே மாட்டின சின்ன கேஜை நம்பலாமா?

குளிர்ந்த இன்ஜினில் நம்பலாம். கிளிசரின் நிரப்பிய கேஜ் இன்ஜின் அறைச் சூட்டில் குறைத்துக் காட்டும். திரவம் விரிந்து கேஜ் உடலுக்குள் அழுத்தம் சேர்வதே காரணம். அதைப் பார்த்து ஸ்க்ரூவை ஏற்றினால் ரிச்சாகும். ஓட்டும்போது பார்க்க வேண்டுமானால் எலக்ட்ரிக் சென்சர் போட்டு வயரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பெட்ரோல் ஓடும் கேஜ் லைனைக் கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது.

18. இன்ஜெக்டர் மாத்தாம அழுத்தத்தை ஏத்தியே சமாளிக்க முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் அழுத்தத்தின் வர்க்கமூலம் அளவுக்கே பெட்ரோல் கூடும். 3 பாரில் நிமிடத்துக்கு 440 சிசி தரும் இன்ஜெக்டர் 3.5 பாரில் 475, 4 பாரில் 508 தரும். அழுத்தம் 33 சதவீதம் ஏற, கிடைத்தது 15 சதவீதம்தான். அதற்கு மேல் பம்ப் திணறும், சில இன்ஜெக்டர்கள் சரியாகத் திறக்காது. எத்தனால் 85க்கு (85 சதவீதம் வரை எத்தனால் உள்ள எரிபொருள்) மாறினால் சுமார் 30 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். அதை ஸ்க்ரூவில் தேடுவது வீண். இன்ஜெக்டரை மாற்றுங்கள்.

அழுத்தத்தை மாற்றினால் டியூனையும் மாற்ற வேண்டும். ஆக்ஸிஜன் சென்சர் சாதாரண ஓட்டத்தில் ஓரளவு திருத்திக்கொள்ளும், முழு ஆக்ஸிலரேட்டரில் பெரும்பாலான கண்ட்ரோல் யூனிட்டுகள் அதைக் கேட்பதில்லை. இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரமும் அழுத்தத்தோடு மாறும். வைட்பேண்ட் மீட்டர் (கலவையை அளக்கும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

19. கரும்புகை, ஐடிலிங் கெட்டுப்போச்சு. வேக்குவம் ஹோஸ்ல பெட்ரோல் வாசனை வருது.

டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் அந்த ஹோஸ் வழியே நேராக மேனிஃபோல்டுக்குள் போகிறது. வண்டியை ஓட்டாதீர்கள். ரிப்பேர் கிட் கிடைத்தால் டயாஃப்ரத்தை மாற்றுங்கள், எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

20. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில் போட்ட இன்ஜின். வேக்குவம் துடிக்குது, கேஜ் முள் ஆடுது. ஹோஸை என்ன செய்ய?

ஒற்றை சிலிண்டரிலிருந்து சிக்னல் எடுத்தால் அந்த சிலிண்டர் உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் முள் துடிக்கும். எல்லா முனைகளையும் ஒரு சின்ன அறையில் சேர்த்து அங்கிருந்து எடுங்கள். டர்போ இல்லாத இன்ஜின் என்றால் இன்னொரு வழி உண்டு: ரெகுலேட்டரின் முனையைக் காற்றுக்குத் திறந்து விட்டு, ரெயிலை மாறாத 3 பாரில் வைத்து, அதற்கேற்ப டியூன் செய்வது. அப்போது ஐடிலிங்கில் வித்தியாசம் கூடும் என்பதை டியூனில் கணக்கெடுக்க வேண்டும். தூசி புகாமல் முனையில் சின்ன ஃபில்டர் போடுங்கள். டர்போ இன்ஜினில் இதைச் செய்தால் 13இல் சொன்ன அதே லீன் ஆபத்து ஒவ்வொரு பூஸ்டிலும் வரும்.